'வேண்டாம்' என்று ஒரு பொத்தான்

இந்தக் காலத்து மனுஷர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஓடுகிறதை ஓடவிட மாட்டார்கள். நன்றாக இருக்கிற கதவைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கதவு மாட்டுவார்கள். மாட்டிவிட்டு, "இது இன்னும் நல்லாத் திறக்கும்" என்பார்கள். பழைய கதவு திறக்கவில்லை என்று எவன் போய் அவர்களிடம் அழுதான்? அதைக் கேட்டால் பதில் வராது, சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பிரேக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரேக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பஸ் டிப்போவில் தலை நரைக்கிற வரைக்கும் பிரேக் வேலை மட்டும் பார்த்தவர். "செக் பண்ணியாச்சு" என்று எவன் எழுதி நீட்டினாலும் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து, தன் காலால் மிதித்துப் பார்த்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவர் ஒரு வரி முடிப்பதற்குள் மற்றவர்கள் பேப்பரையே மடித்து வைத்துவிடுவார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு எதிரி. அது அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவர் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சார்ஜில் கிடந்தது. டேப்லெட். அவர் அதைப் பலகை என்பார். தினமும் காலையில் அவள் முகம் கழுவி வருவதற்குள் அதைக் கையில் எடுப்பார். எடுத்ததுமே அதன் நெற்றியில் ஒரு பெட்டி முளைக்கும்: 'புதிய சிஸ்டம் வெர்ஷன் தயார்.' கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே.' 'பிறகு.' அவ்வளவுதான். 'வேண்டாம்' என்று ஒன்று கிடையாது.

"திருட வர்றவன்கூட இப்படிக் கேட்க மாட்டான். இப்ப வரட்டுமா, அப்புறம் வரட்டுமான்னு! வராதேன்னு சொல்ல வழி வெச்சிருக்கானா பாரு."

மூட்டைப்பூச்சியை நசுக்குகிற மாதிரி 'பிறகு'வின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அதோடு விட மாட்டார். இன்டர்நெட் பெட்டியின் வயரையும் பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிடுவார். மகள் வந்தால் மட்டும் வயர் கீழே இறங்கும்.

அதே பலகையில், மனைவியின் புரோகிராமுக்குள், எப்போதாவது இன்னொரு பெட்டியும் வரும். பச்சை நிறம். 'பு... தி... ய' என்று கூட்டிய உடனேயே அவருக்கு மேற்கொண்டு படிக்கத் தேவையில்லாமல் போய்விடும். ஆனால் இதில் 'ஆமாம்' என்றும் 'இல்லை' என்றும் இருந்தது. "இவன் கொஞ்சம் மானஸ்தன். முடியாதுன்னு சொல்ல இடம் வெச்சிருக்கான்" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் 'இல்லை'யை அழுத்துவார்.

அதற்குள் அவள் வந்து உட்கார்ந்து, பலகையைப் பிடுங்கி, அதில் ஒரு படத்தைத் தொடுவாள்.

"காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா!"

அது அவளுடைய குரல். அவளுடையதேதான். டிப்போவின் டிக்கெட் கவுண்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சாலைக்கு அந்தப்பக்கம் நிற்பவனை வரிசைக்கு இழுத்து நிறுத்திய குரல். தொண்டையில் வந்த வியாதிக்குக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் இந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் தன் குரலிலேயே பேசிப் பதிந்துகொள்ளலாம். பின்னால் படத்தைத் தொட்டால் அது பேசும். என்னென்ன பதிய வேண்டும் என்று ஒரு காகிதமும் தந்தார். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'வலிக்கிறது.'

"தண்ணிக்குக் கையைக் காட்டினாப் போதும். இதுக்கு எதுக்குக் குரல்?" என்று அந்தக் காகிதத்தை ஓரம் வைத்தாள் அவள். படுக்கையறைச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாரன் அடிக்கிறவனையும் நாய் குரைக்கிறதையும் அடக்க பிரேக்காரர் தெருவில் நின்றார். அவள் பதிந்ததெல்லாம் வேறு: "செருப்பை வெளியில விடுங்க." "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்காராதீங்க." "இதை நான் போன வாரமே சொன்னேன்." "அடடா, பெரிய மேதை!" "பொய்." போதாததற்கு ஒரு சிரிப்பு, நம்பாத 'ம்ம்' ஒன்று, நம்பிய 'ம்ம்' ஒன்று.

சிலேட்டும் உண்டு. அவள் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஆனால் அவள் சிலேட்டில் எழுதி நீட்டினால், அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சண்டை ஆறிப்போய்விடும். ஆறிய சண்டையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி நடக்கும்?

பலகையில் சார்ஜ் ஏறுகிற ஓட்டை ஆட ஆரம்பித்தது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் அட்டையைச் செருகி ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் அதுவும் பலிக்கவில்லை. தெருமுக்கில் போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடி மேசை, அதற்குள் திறந்து போட்ட போன்கள், நெற்றியில் விளக்கு கட்டிய தாடிக்காரர்.

"இந்த ஓட்டையை மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

"உட்காருங்க ஐயா. உள்ள கொண்டுபோய்ப் பார்த்துட்டு வர்றேன்."

தாடிக்காரர் திரும்பி வந்ததும் பிரேக்காரர் தன் கையாலேயே வயரைச் செருகினார். ஆட்டினார், இழுத்தார், மறுபடி செருகினார். கெட்டியாக உட்கார்ந்தது. திருப்தி. பிரேக்கைப் பார்த்தவர் ஸ்டீயரிங்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

வீட்டில் அவள் பலகையைத் திறந்தாள். படங்களெல்லாம் உருண்டையாகியிருந்தன. அவளுடைய புரோகிராம் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. தொட்டாள். பெட்டி ஒன்று வந்தது: 'இந்த ஆப் இந்த வெர்ஷனில் இயங்காது. தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளவும்.' மறுபடி தொட்டாள். அதே பெட்டி. இன்னொரு முறை, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள். பிறகு பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு சிலேட்டை எடுத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். "யா... ரு... தொட்... ட... து."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்குப் போனார்.

"ஐயா, நல்லதுக்குத்தானே செஞ்சேன்? சிஸ்டம் ரொம்பப் பழசா இருந்துச்சு. எல்லாருக்கும் சும்மாவே அப்டேட் பண்ணிக் கொடுக்கறதுதான்."

"நான் கேட்டேனா?"

"கேட்கலை. இருந்தாலும்..."

"சட்டைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்தா கையையும் வெட்டிச் சின்னதாக்கித் தருவியா? இன்னும் நல்லா இருக்கும்னு?"

கடையில் நின்ற இரண்டு பேர் தங்கள் போன்களை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். தாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"திரும்பப் பழைய வெர்ஷனுக்குப் போக முடியாதுங்க. கம்பெனி விடாது. ஒண்ணு செய்யலாம். புரோகிராமை முழுசா அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பார்க்கலாம். சில சமயம் சரியாகும்."

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும். ஆனா நெட்டுல தானாவே ஒரு பிரதி போய் உட்கார்ந்திருக்குமே."

நெட் வயர் வருஷக்கணக்காக எங்கே கிடந்தது என்று பிரேக்காரருக்குத் தெரியும். தாடிக்காரரின் விரல் அந்தச் சாம்பல் நிறப் படத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"கையை எடு."

"ஒரு நிமிஷம்தான் ஐயா..."

"எடுன்னு சொன்னேன்!"

பலகையைப் பறித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மகள் வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை, தன்னுடைய டேப்லெட்டில் புதுப் புரோகிராம் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தாள். இதில் எதையும் பதிய வேண்டாம். எழுதினால் போதும், அதுவே பேசும். தொட்டுக் காட்டினாள். பன்னீரில் நனைத்தெடுத்த மாதிரி ஒரு பெண் குரல் வந்தது: "வணக்கம். எனக்குத் தண்ணீர் வேண்டும்."

"எந்தப் பிளாட்பாரம்னு சொல்லலையே" என்றார் பிரேக்காரர்.

"அப்பா, கொஞ்சம் வாயை மூடுங்க. அம்மா, நீங்க எழுதிப் பாருங்க."

அம்மா ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். பன்னீர்க் குரல் இனிமையாகச் சொன்னது: "இவள் யார். வெளியே போகச் சொல்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். "என் வீட்டில் என் புருஷனை இன்னொருத்தி திட்ட வேண்டாம்."

"அம்மா, அது பழசும்மா. எத்தனை காலத்துக்கு அதையே கட்டிக்கிட்டு அழறது?"

"உங்கம்மாவும்தான் பழசு" என்றார் அவர். "அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாமா?"

மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். பேச்சுப் பயிற்சி அம்மாளைப் பிடித்து, அவர் மூலமாகப் புரோகிராமை எழுதினவரின் விலாசத்தைப் பிடித்துவிட்டாள். அது கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒற்றை ஆள்.

அந்த ஒற்றை ஆள் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. மனைவி, மூச்சுக்காக ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையை மூடிய துணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். "நீ கீழேயே இரேன்" என்றார் பிரேக்காரர். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த படியில் கால் வைத்தாள்.

கதவைத் திறந்தவருக்குத் தலையில் பாதி வழுக்கை. உள்ளே மேசை நிறைய டேப்லெட்டுகள், விரிசல் விட்டதும் மூலை நசுங்கியதுமாக. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒரு வெர்ஷன் எண். ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாராம். பிரேக்காரருக்கு அந்த மேசையைப் பிடித்துப்போனது. ஆளைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எழுதினவர் பலகையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இது பேசற பாஷை பழசுங்க ஐயா. இவ்வளவு நாளா சிஸ்டம் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளனை உட்கார வெச்சிருந்துச்சு. இந்த வெர்ஷன்ல அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"ஏன், என்ன தப்பு செஞ்சான்?"

"இடத்தை அடைக்கிறானாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இப்படி நடக்கும்னுதான் நான் முன்னாடியே புதுப் பாஷையில மாத்தி எழுதி அனுப்பியிருந்தேனே. உங்களுக்கு வரலையா? பச்சைப் பெட்டி. 'ஆமாம்', 'இல்லை'ன்னு கேட்டிருக்குமே?"

பிரேக்காரர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவியின் தலை மெதுவாகத் தன் பக்கம் திரும்புவது தெரிந்தது. அந்தத் திரும்பலுக்குப் பலகை தேவைப்படவில்லை.

"அதுல 'இல்லை'ன்னு ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

"ஆமா. யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு நான்தான் வெச்சேன்."

"நீங்க வெச்சீங்க. நான் அமுக்கினேன்." குரல் உயர்ந்தது. "என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க? வேண்டாதவனும் வேண்டியவனும் ஒரே மாதிரி கதவைத் தட்டினா உள்ள இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? நல்லவன்னா நெத்தியில எழுதிட்டு வரணும். அதுவும் எனக்குப் படிக்கற மாதிரி எழுதணும்!"

எழுதினவர் வாய்விட்டுச் சிரித்தார். பிரேக்காரருக்குப் பிடிக்காத அந்தச் சிரிப்பு இல்லை இது.

"சரி, விடுங்க. யாரும் இதை அழிச்சுப் பார்க்கலையே?"

"பார்க்க வந்தான். கையை ஒடிச்சிருப்பேன்."

"தப்பிச்சீங்க. அழிச்சிருந்தா குரலும் சேர்ந்து போயிருக்கும்."

ஒரு வயரைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் செருமியது. பிறகு, முறையில்லாமல், கலைந்த சீட்டுக்கட்டு மாதிரி, அந்த அறைக்குள் அவள் கொட்டினாள். "பொய்." "செருப்பை வெளியில விடுங்க." "இதை நான் போன வாரமே சொன்னேன்." எழுதினவர் தன்னையறியாமல் காலைக் குனிந்து பார்த்துச் செருப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். சிரிப்பு வந்தது. நம்பாத 'ம்ம்' வந்தது. அதன்பின் இன்னொன்று வந்தது:

"சரி சரி, நீங்க சொன்னதுதான் சரி."

பிரேக்காரர் நிமிர்ந்தார். "இது எப்போ பதிஞ்சே? இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட இதை நீ தொட்டதில்லையே?"

அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினவர் ஸ்பீக்கரை நிறுத்தினார். "குரல் பத்திரமா இருக்கு. எல்லாத்தையும் உங்களுக்கு எடுத்துத் தர்றேன். ஆனா புரோகிராம்... எங்க அண்ணனுக்காக எழுதினது இது. அவருக்கும் இதே வியாதி. அவர் போன பிறகும் ரொம்ப நாள் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பச்சைப் பெட்டியில அனுப்பினதுகூட இப்ப ஓடாது. வருஷா வருஷம் அவங்க தரையைப் பெயர்த்து வேற தரை போடறாங்க. அதே நாற்காலியை அதே இடத்துல நிறுத்த நான் நாலு காலையும் மறுபடி மறுபடி அறுக்கணும். பார்க்கறவங்களுக்கு ஒண்ணுமே மாறின மாதிரி இருக்காது. மாறாம இருக்கறதுக்குத்தான் அவ்வளவு வேலைன்னு யாருக்கும் தெரியாது. விட்டுட்டேங்க."

"விட்டுட்டீங்களா? வண்டியில ஆளை ஏத்திட்டு இறக்கத்துல பிரேக்கை விட்டுட்டேன்னு சொல்வீங்களா?"

"நீங்க மட்டும் என்னவாம்? ரிட்டயர் ஆகி வீட்டுல உட்காரலையா?"

பிரேக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் சிலேட்டில் பலப்பம் கிறீச்சிட்டது. அவள் எழுதி, எழுதினவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'முடியுமா முடியாதா?'

"முடியும்மா. ஆனா அடுத்த வருஷம் மறுபடி மாத்துவாங்களே."

அவள் உள்ளங்கையால் துடைத்துவிட்டு வேகமாக எழுதினாள். இந்த முறை சிலேட்டைத் தன் புருஷன் பக்கம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கக் கூட்டினார். "அடுத்... த... வரு... ஷ... மும்... எனக்... குப்... பேச... இருக்... கு."

எழுதினவர் அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு மேசையில் ஒரு மூலையை ஒதுக்கி, அவளுடைய பலகையை அங்கே வைத்தார்.

"கொஞ்ச நாள் டைம் கொடுங்க" என்றார்.

அந்தக் கொஞ்ச நாளும் வீடு வீடாக இல்லை. சிலேட்டு மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. பிரேக்காரர் செருப்போடு கூடத்துக்குள் வந்து நின்று பார்த்தார். அவள் விரலை வாசல் பக்கம் நீட்டினாள். விரல் என்ன விரல்!

கடைசியில் எழுதினவரே பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுமத்தியானம். அவள் வாங்கி, ஒரு படத்தைத் தொட்டாள். "காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா!" மகள் கை தட்டினாள். பிரேக்காரர் கை தட்டவில்லை. பலகையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக, ஒன்று விடாமல், இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். வந்தவர் அதுவரை பொறுமையாக டீ குடித்தார்.

இப்படியே போயிருந்தால் தேவலை. மழைக்காலம் முடிகிற சமயம், பலகையின் நெற்றியில் மறுபடி பெட்டி முளைத்தது. 'இப்போதே.' 'பிறகு.' பிரேக்காரர் பழைய சந்தோஷத்தோடு கட்டைவிரலை எடுத்துக்கொண்டு போனபோது போன் அடித்தது.

"ஐயா, இந்தத் தடவை 'பிறகு'வை அமுக்காதீங்க" என்றார் எழுதினவர். "நான் இங்க போட்டு எல்லாத்தையும் பார்த்துட்டேன். தைரியமா 'இப்போதே' கொடுங்க. நீங்க பழைய வெர்ஷன்லயே நின்னுட்டா நான் அடுத்து எழுதறது உங்ககிட்ட வந்து சேராது."

"நீங்க பார்த்தது உங்க பலகையில தம்பி. இது என் வீட்டுப் பலகை."

"குரலுக்குப் பிரதி எடுத்து வெச்சிருக்கேன், ஐயா. ரெண்டு இடத்துல."

"ரெண்டு இடத்துலயும் தீப்பிடிச்சா?"

"அப்பா!" என்றாள் அன்றைக்குப் பார்த்து வந்திருந்த மகள்.

"என்ன அப்பா? அன்னைக்கும் ஒருத்தன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னான். யார் சொன்னாலும் இதை நான் நம்ப மாட்டேன்." பலகையின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்துக்கொண்டார். டிப்போவில் தேய்ந்த கை. பாதித் திரையை மூடிவிட்டது.

மனைவி எழுந்து வந்தாள். அவர் கையை விலக்கப் பார்க்கவில்லை. கைக்கு வெளியே தெரிந்த ஓரத்தில் ஒரு படத்தைத் தொட்டாள்.

"கையை எடுங்க."

அடுப்படியில் அவர் எதையாவது கிளறப் போகும்போது சொல்வதற்கென்று பதிந்தது அது. அந்தக் குரலுக்கு அந்தக் கை எத்தனையோ வருஷமாகப் பழகிப்போயிருந்தது. யோசிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. அவள் 'இப்போதே'யை அழுத்தினாள்.

திரை இருண்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிரேக்காரரால் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு பஸ் திரும்பியது. பிரேக் சத்தம் சரியில்லை. இடதுபக்கம் கட்டை தேய்ந்திருக்கிறது. எவனோ காகிதத்தை நம்பி வெளியே விட்டிருக்கிறான். அது போய் மறைகிற வரைக்கும் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கேட்டின் இரும்பு கையில் குளிர்ந்தது.

"எங்க கிளம்பியாச்சு?"

ஜன்னல் வழியாக, சாலைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, அவள்.

"அப்பா, வேலை செய்யுதுப்பா!" என்று மகள் கத்தினாள். "எல்லாம் அப்படியே இருக்கு! இப்பவாவது நம்பறீங்களா?"

"ஒரு தடவை பிடிச்சா அதுக்குப் பேரு பிரேக் இல்ல" என்று அவரும் திரும்பாமலே கத்தினார். "இறக்கத்துல பிடிக்கணும். மழையில பிடிக்கணும். அடுத்த தடவை பிடிக்கணும். அப்புறம் பேசு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டருகிலேயே நின்றார். அந்த ஒரு வாக்கியம், அவள் ஒருநாளும் தொடாத அது, இப்போதாவது வருகிறதா என்று காதைக் கொடுத்தார்.

"அடடா, பெரிய மேதை!" என்று வந்தது.

"ஆமா, மேதைதான்" என்றார் பிரேக்காரர். "நாளைக்குக் காலையில அந்தப் பலகை எந்திரிச்சுக் கேட்கட்டும் மறுபடி. இப்பவா, அப்புறமான்னு. கேட்கட்டும், பார்க்கறேன்." கேட்டைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.